தொழில்: இல்லை

ஆச்சியின் இறப்பைப் பதிவு செய்யப் போனவர் மாமா. இறப்பு அறிக்கைப் படிவத்தில் இரண்டு பகுதி உண்டு. பெயர், தேதி, இடம் எல்லாம் ஒரு பகுதி. இன்னொரு பகுதி அரசாங்கத்தின் புள்ளிவிவரக் கணக்குக்கு. இறந்தவரின் மதம் என்ன, தொழில் என்ன, கடைசியில் என்ன வைத்தியம் பார்த்தார்கள், புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, உண்டென்றால் எத்தனை வருஷமாக, புகையிலை போடுவாரா, பாக்கு மெல்லுவாரா, குடிப்பாரா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். தொழில் எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். மாமா 'இல்லை' என்று எழுதியிருந்தார். புகை, புகையிலை, பாக்கு, குடி எல்லாவற்றுக்கும் 'இல்லை'. வீட்டுக்கு வந்து நகலை அலமாரியில் வைக்கும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். "தொழில்னு கேட்ருக்கே மாமா, பீடித் தொழிலாளின்னு எழுதலையா?" என்றேன். "ஆச்சி வீட்லதானட்டி இருந்தா" என்றார்.

மாமா பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் சொல்லவில்லை. ஆச்சியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ராத்திரி மூச்சு முட்டினால் ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கூட்டிப் போனவர். அவர் மனதில் ஆச்சி அப்படித்தான் பதிந்திருக்கிறாள்: வீட்டோடு இருந்த அம்மா, கையைச் சும்மா வைத்திருக்காமல் பீடி சுற்றிய அம்மா. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். "அவ வீட்ல சும்மாதான் இருக்கா, பீடி சுத்துதா." இரண்டும் ஒரே மூச்சில் வரும். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அதை எழுத்தில், மாமாவின் குண்டு குண்டான கையெழுத்தில் பார்த்ததும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சொந்தமெல்லாம் கலைந்து, நானும் சென்னைக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்த பிறகும் அது இறங்கவில்லை.

எங்கள் ஊர் கடையம். பேரைச் சொன்னதும் எல்லாரும் பாரதியைச் சொல்வார்கள். செல்லம்மாளின் ஊர், அவர் வந்து தங்கிய ஊர், நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கம் உலாவிய ஊர். அதில் எங்களுக்கும் பெருமை உண்டு. ஆனால் எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். வாசலுக்கு வாசல் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். கை மட்டும் பேச்சில் கலக்காமல் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். பெண் பார்க்க வருகிறவர்கள் "பீடி சுத்தத் தெரியுமா, பாஸ்புக் இருக்கா" என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. பாஸ்புக் என்பது பீடிக்கடையில் தொழிலாளியின் பெயரில் போட்டுத் தரும் கணக்குப் புத்தகம். நகை எவ்வளவு போடுவீர்கள் என்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். அப்படிக் கேட்டுக் கட்டிக்கொண்டு வந்தவளைத்தான் நாம் 'சும்மா இருந்தாள்' என்கிறோம்.

மடியில் சுளகு

வேலை முதல்நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். பீடிக்கடையிலிருந்து எடைபோட்டு வாங்கி வந்த இலைக்கட்டைப் பிரித்து, தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள் ஆச்சி. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கோடை வெயிலில் பறித்துக் காயவைத்து, ரயிலும் லாரியும் ஏறி வந்த இலை அது. விடிகாலையில் சாக்கைப் பிரித்தால் துணி மாதிரி துவண்டு கிடக்கும். தகர அளவை இலைமேல் வைத்து, கத்தரியால் அதன் ஓரமாகவே வெட்டிக்கொண்டு போவாள். பூச்சி அரித்த இடம், ஓட்டை, தடித்த நரம்பு எல்லாவற்றையும் விலக்கி ஒரு இலையில் எத்தனை துண்டு தேறும் என்பதைக் கண் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யும். இங்கேதான் பாதி லாபமும் பாதி நஷ்டமும். கடையில் கொடுக்கும் இலை எண்ணிக்கைக்குப் போதாமல் போனால் கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கித்தான் கணக்கை முடிக்க வேண்டும். மட்டமான இலை வந்த வாரங்களில் ஆச்சியின் முகம் காலையிலேயே கறுத்திருக்கும்.

வெட்டி முடித்ததும் சோறு பொங்கி, எல்லாரையும் அனுப்பிவிட்டு உட்காருவாள். இடதுகையில் இலைத்துண்டு, வலதுகையால் ஒரு சிட்டிகை புகையிலைத் தூள். கால் கிராம்கூட இருக்காது அந்தத் தூள். ஆனால் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீராகப் பரவ வேண்டும். கூடினால் தூள் பற்றாமல் போகும், குறைந்தால் பீடி சப்பையாக இருக்கிறதென்று கடையில் தள்ளிவிடுவார்கள். இரண்டு பெருவிரலும் இலையை உருட்டும், நகம் முனையை மடக்கும், பல்லில் கடித்த நூல் ஒரு சுற்றுச் சுற்றி அறும். நான் ஒன்று சுற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். இலை கிழியும், கிழியாவிட்டால் தூள் ஒருபக்கமாக ஒதுங்கி வயிறு புடைத்து நிற்கும். ஆச்சி அதை வாங்கிப் பிரித்து, தூளைச் சுளகில் தட்டி, அதே இலையை மறுபடி சுற்றிப் போடுவாள். வீணாக்க முடியாது. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். கல்யாணம், எழவு இல்லாத நாளில் ஆச்சி ஆயிரத்துக்குக் குறைந்து எழுந்ததில்லை. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். கால் மரத்துப்போயிருக்கும்.

சனிக்கிழமை சம்பளம். பீடிச் சம்பளம் என்றே அதற்குப் பெயர். தாத்தா சைக்கிளில் ஜவுளி மூட்டை வைத்து ஊர் ஊராக விற்றவர். தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கையில் காசு புரளும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் வீட்டிலேயே இருப்பார். அந்த வாரங்களிலும் அடுப்பு எரிந்தது ஆச்சியின் சம்பளத்தில். ரேஷன் அரிசி, சீட்டுப் பணம், அம்மாவின் ஆசிரியர் பயிற்சிக்குக் கட்டிய பணம், மாமாவின் பாலிடெக்னிக் பீஸ், எல்லாம் அதில் வந்தவை. இப்போது இருக்கிற வீடு நிற்கும் மனையே ஆச்சி பெயரில், ஆச்சி போட்ட சீட்டை எடுத்து வாங்கியதுதான். இதெல்லாம் மாமாவுக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

புகையிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆச்சி செய்த பொருள் ஆட்களைக் கொல்லும் பொருள். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆச்சிக்கே அந்தப் புகை ஆகாது. தாத்தா பீடி பற்றவைத்தால் தெருவுக்குப் போகச் சொல்வாள், தன் சுளகிலிருந்து ஒன்றை எடுக்க விடமாட்டாள். ஆனால் அவளுக்கு வேறு எந்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று கேட்டுக்கொண்டால் பதில் வருவதில்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல், வாரம் தவறாமல் கூலி தந்த வேலை எங்கள் ஊரில் இது ஒன்றுதான். பீடியை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த லட்சக்கணக்கான பெண்களின் கைக்கு அடுத்து என்ன வேலை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு பீடியைக்கூட உதட்டில் வைக்காதவளின் தலைமுடியிலும் சேலையிலும் சோற்றுக் கையிலும் 40 வருஷத்துக்கு மேல் அந்த நெடி இருந்தது. கடைசிப் பத்து வருஷமும் இருமல். பீடி சுற்றுகிறவர்களின் உடம்புக்குள், புகைக்காமலே, நிகோட்டினின் தடம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். படிவம் கேட்ட கேள்விக்கு மாமா எழுதிய 'இல்லை' சரியான பதில். தூளைச் சுவாசித்தாரா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

கழிவு

பீடிக்கடையில் ஒருவர் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். தலை சரியில்லை, நூல் தளர்ந்திருக்கிறது, தூள் குறைவு என்று சிலதைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளுவார். அதுதான் கழிவு. அதற்குக் கூலி கிடையாது. இலையும் தூளும் உழைப்பும் போனதுதான். ஆச்சியோடு கடைக்குப் போகும்போது இந்த இடத்தில் என் கையை அவள் இறுக்கிப் பிடிப்பாள். அவ்வளவு வாயாடும் ஆச்சி அந்த ஆளுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வீட்டுக்கு வந்துதான் பொங்குவாள். "நல்ல பீடியத் தள்ளிட்டான் சவத்துப் பய."

வெகுகாலம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, பீடித் தொழிலாளர் வழக்குகளைப் பற்றித் தற்செயலாகப் படிக்க நேர்ந்தது. 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்களையும் அது தொழிலாளர் என்றது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1977-இல் வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) பீடித் தொழிலுக்கும் வந்தது. மறுபடி வழக்கு. அவள் தன் வீட்டில் இருக்கிறாள், எப்போது உட்காருகிறாள் எப்போது எழுகிறாள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, அவள் எப்படி எங்கள் தொழிலாளி ஆவாள் என்பது முதலாளிகளின் வாதம். 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இலையும் தூளும் நீங்கள் கொடுக்கிறீர்கள், சுற்றியதைத் திரும்ப வாங்குகிறீர்கள், சரியில்லை என்றால் தள்ளும் உரிமையை வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையே போதுமான மேற்பார்வைதான், ஆகவே அவள் உங்கள் தொழிலாளிதான் என்றது.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆச்சியை அழவைத்த கழிவுதான் சட்டத்தின் கண்ணில் அவளைத் தொழிலாளி ஆக்கியிருக்கிறது. பிஎஃப் பிடித்ததும், பின்னால் பென்ஷன் வந்ததும் அந்த ஒரு பிடிமானத்தில்தான். அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. இது எளிய வேலை, சிறியவர் பெரியவர், ஆண் பெண் யாரும் செய்யலாம், பெரிய திறமை வேண்டியதில்லை என்று. பெண்களுக்கு நல்லது செய்யத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் அந்த வரியோடு எனக்குச் சண்டை உண்டு. மூத்திரம் அடக்கி, முதுகு வளைந்து, ஒரே மாதிரி ஆயிரத்தை ஒரு நாளில் முடிக்கிற கை பத்து வயதிலிருந்து பழகிய கை. அதைத் திறமை இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

போகட்டும். தொழிலாளியா இல்லையா என்பதையாவது அவர்கள் தீர்த்துவைத்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளை, அதே அம்மாவைப் பற்றி "வீட்லதான் இருந்தா" என்கிறார். முதலாளிகளின் வக்கீல்கள் சொன்னதும் இதைத்தானே.

டைரி

ஆச்சியை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது 2002-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை. ஆச்சிக்கு வயது முடிந்து, கடையில் கணக்கை முடித்து, பிஎஃப் பணம் வந்திருந்தது. வங்கியிலிருந்து வந்த ஆச்சி பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துப் பாயில் வைத்தாள். தாத்தா திண்ணையிலிருந்து உள்ளே வந்தார். மாமா வந்திருந்தார், அம்மாவும் நாங்களும் இருந்தோம். ஆச்சி பரண்மேலிருந்து ஒரு துணிப்பையை எடுக்கச் சொன்னாள். அதற்குள் பழைய டைரிகள். உரக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இனாமாகக் கொடுத்தவை, நாலைந்து இருக்கும். சில பக்கங்களை ராமபாணம் அரித்திருந்தது.

எதிர்வீட்டு அத்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அம்மா அத்தை என்று கூப்பிடுவதால் நாங்களும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, கைப்பிள்ளையோடு நின்றவர். புதிதாகப் பாஸ்புக் போட்டுத் தரக் கடையில் சம்மதிக்கவில்லை. புத்தகம் போட்டால் பிஎஃப், போனஸ் எல்லாம் கொடுக்க வேண்டுமே. புத்தகம் இல்லாதவர்கள் புத்தகம் உள்ளவர் பெயரில் சுற்றிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கூலியை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். பிஎஃப் பிடித்தம் பெயர் உள்ளவர் கணக்கில் சேரும். ஆச்சியே கல்யாணமான புதிதில் தன் மாமியார் பேரில் சுற்றியவள்தான். எதிர்வீட்டு அத்தை வருஷக்கணக்கில் ஆச்சியின் புத்தகத்தில் தினமும் முந்நூறு, நானூறு என்று சுற்றிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி வாரா வாரம் சனிக்கிழமை பிள்ளையை உட்காரவைத்து அதை எழுதச் சொல்லியிருக்கிறாள். இந்த வாரம் அத்தை இவ்வளவு, நாம் இவ்வளவு.

அம்மா டைரியைப் படிக்க, ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கூட்டிக் கழித்ததில் அத்தையின் பங்கு கிட்டத்தட்டக் கால்வாசி வந்தது. மாமா பொறுக்காமல், "எம்மா, சட்டப்படி எல்லாம் உம்பேர்லதான் இருக்கு. அத்தையே கேக்கல. நீ ஏன் இழுத்துப் போடுத?" என்றார். வீட்டில் அப்போது காசுக்குத் தேவை இருந்தது, தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் வைத்திருந்தார்கள். ஆச்சி பணத்தை எண்ணிப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "சட்டம் பேரப் பாக்கும்ல. எவ வெரலு தேஞ்சதுன்னு எனக்குல்லா தெரியும்."

எதிர்வீட்டு அத்தை வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். "மைனி, நீ அன்னைக்குப் புஸ்தகத்துல எடம் குடுக்கலன்னா எம்பிள்ள என்ன ஆயிருக்கும்" என்று உள்ளேயிருந்து அழுகை. ஆச்சி வாசல்படியில் உட்கார்ந்து, கதவு திறக்கும்வரை தெருவே கேட்கும்படி ஏசினாள். அன்பாகப் பேசி ஆளை மடக்கத் தெரியாது அவளுக்கு, ஏசித்தான் கொடுப்பாள். அந்தப் பணத்தில் அத்தை வீட்டு ஓலைக்கூரை ஓடாக மாறியது. பிறகு மாசாமாசம் ஆச்சிக்குப் பென்ஷன் வந்தது, சொற்பத் தொகை. 2014-இல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதிலும் 300 ரூபாய் எதிர்வீட்டுக்குப் போனது, ஆச்சி நடமாட முடியாமல் படுத்த பிறகும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். என் சிநேகிதிகளிடம் ஆச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதைவிடப் பெரிய நேர்மையை நான் என் கண்ணால் பார்த்ததில்லை.

சித்தியின் கணக்கு

பதினாறாம் நாள் ராத்திரி, சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் மாமாவிடம் படிவத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். டைரிக் கதையையும் இழுத்தேன். ஒரு வாரமும் விடாமல் அடுத்தவள் உழைப்பைக் கணக்கு வைத்தவளுக்கு நீங்கள் 'இல்லை' என்று எழுதலாமா என்று கேட்டேன். சித்தி வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "அந்த டைரில எங்கணக்கு எங்கட்டி இருக்கு?"

யாரும் பேசவில்லை. சித்தியே சொன்னாள். அம்மா ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும் மாமாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் அடுத்தடுத்து நடந்தது. இரண்டு பேருக்கும் பணம் கட்ட ஆச்சியின் ஆயிரம் போதவில்லை. சித்தி அதற்கு முன்பே, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டிருந்தாள். ஆச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு சுளகு. கல்யாணமாகிப் போகும்வரை சித்தி சுற்றிய பீடி எல்லாம் ஆச்சியின் புத்தகத்தில் 'நாம் இவ்வளவு' என்பதற்குள் போய்ச் சேர்ந்தது. அம்மா பயிற்சிக்குப் போன பிறகு சனிக்கிழமை டைரி எழுதியது யார்? சித்திதான். எதிர்வீட்டு அத்தைக்கு இத்தனை நூறு என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். தான் சுற்றியதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எழுதலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் டைரிகளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் அம்மாவின் கையெழுத்து, வரிக்குள் அடங்கி, கூட்டல் கோடு அடிமட்டம் வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு பென்சில். 'அத்த' என்று ஐகாரக் குறி இல்லாமல், 4-ஐயும் 7-ஐயும் அழுத்திப் போட்டு, சில இடங்களில் காகிதம் கிழிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் நின்றுபோன கையெழுத்து அது. அதற்கு மேல் வளராமல் டைரி முடியும்வரை அப்படியே இருக்கிறது.

இதை எங்கே வைப்பது என்று எனக்குப் பல நாள் பிடிபடவில்லை. எதிர்வீட்டுக்காரிக்குக் கால்வாசியைப் பிரித்துக் கொடுத்த அதே ஆச்சிதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் விரலைக் கணக்கில் எடுக்காமல் விட்டவள். அந்தக் காலம் அப்படி, பொம்பளப் பிள்ளைக்கு யார் கணக்குப் பார்த்தார்கள் என்று அம்மா சொல்கிறாள். அம்மாவும் பொம்பளப் பிள்ளைதானே, அவளைப் படிக்கவைத்தாளே. மூத்தவள் நன்றாகப் படித்தாள், ஆண்பிள்ளை கட்டாயம் படிக்க வேண்டும், கடைசிக்காரி வீட்டுக்கு உதவட்டும் என்று ஆச்சி ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் நானும் லாபம் அடைந்தவள். ஆசிரியையின் மகளாகப் பிறந்ததால் எனக்குக் கிடைத்ததெல்லாம் சித்தியின் மடியிலிருந்தும் எழுந்து வந்தது. ஆச்சிமேல் எனக்குள்ள பிரியம் இதனால் குறையவில்லை. ஆனால் டைரிக் கதையைப் பாதியோடு நிறுத்தி இனிச் சொல்ல மாட்டேன்.

சித்திக்கு ஆச்சியிடம் இதைக் கேட்கும் வாய்ப்பு ஒரு தடவை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரி காவல் இருந்தவள் அவள்தான். ஆச்சியே கேட்டாளாம், "எம்மேல ஒனக்குக் கோவமாட்டி?" என்று. "ஆமா" என்றாளாம் சித்தி. "இருக்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு ஆச்சி காப்பி கேட்டாளாம். அதில் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை, சித்திக்கும் கிடைத்த மாதிரி தெரியவில்லை. அவள் இன்றைக்கும் சுற்றுகிறாள். கல்யாணமாகிப் போன ஊரில் அவள் பெயரிலேயே புத்தகம் இருக்கிறது. முன்போல் எல்லா நாளும் கடையில் இலை தருவதில்லை. இலை தராத நாட்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

இப்போது வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்திருக்கிறது. மனை ஆச்சி பெயரில், உயில் கிடையாது, தாத்தாவும் முன்பே போய்விட்டார். 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சமமான பங்கு. மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்கிறார். அவர் சொல்வது சட்டப்படி சரி, எங்கள் பக்கம் பல குடும்பங்களில் தங்கைகளிடம் வெறும் கையெழுத்து வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது மாமா நியாயமானவர்தான். ஆனால் சம பங்கு இங்கே போதாது என்பது என் வாதம். அந்த மனை வாங்கிய சீட்டுப் பணத்தில் சித்தி சுற்றியதும் இருக்கிறது. முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு மீதியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். 2002-இல் பாயில் வைத்துப் பிரித்தோமே, அதே முறையில். போனில் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பங்கைச் சித்திக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அம்மா விட்டுக்கொடுப்பதாக இருக்கக்கூடாது, சித்திக்குச் சேர வேண்டியது என்று மாமாவும் ஒப்புக்கொண்டு கொடுப்பதாக இருக்க வேண்டும் என்றேன். மாமா இன்னும் வாய் திறக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு வருகிறார்கள். பொங்கல் வைத்து முடித்ததும் பேச்சை எடுக்கப் போகிறேன். டைரிகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், சித்தியையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கடையில் இலை போட்டால் வரமுடியாது என்கிறாள்.